கோடை விடுமுறையில் எது குறைகிறது? தாம்பரம் புறநகரை முன்வைத்து ஒரு பரிசீலனை

1. கேள்வி

முழுப் பரீட்சை முடிவதற்கு முன்பே தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் தெருக்களில் கோடைப் பயிற்சி முகாம்களின் விளம்பரத் தட்டிகள் தொங்கத் தொடங்கிவிடுகின்றன. அபாகஸ், ஸ்போக்கன் இங்கிலீஷ், கையெழுத்து, சதுரங்கம், ரோபோட்டிக்ஸ் என்று பட்டியல் நீள்கிறது. பெற்றோரின் ஓர் அச்சம்தான் இந்த வியாபாரத்தின் மூலதனம்: லீவில் சும்மா விட்டால் பிள்ளை படித்ததையெல்லாம் மறந்துவிடும். மறுபுறம், கோடையில் சிறப்பு வகுப்பு நடத்தக் கூடாது என்று பள்ளிக் கல்வித் துறை தனியார் பள்ளிகளை எச்சரித்துக்கொண்டே இருக்கிறது. இந்த இழுபறியில் அடிப்படைக் கேள்வி கேட்கப்படாமலே போகிறது. கோடையில் உண்மையிலேயே கற்றல் குறைகிறதா? குறைந்தால் யாருக்கு, எதனால்?

கேள்விக்கு இப்போது அவசரமும் கூடியிருக்கிறது. 2023இல் ஜூன் தொடக்கத்தில் திறக்க வேண்டிய தமிழ்நாட்டுப் பள்ளிகள் வெயிலால் முதலில் 7ஆம் தேதிக்குத் தள்ளிப்போயின. பிறகு 6 முதல் 12 வரையிலான வகுப்புகள் 12ஆம் தேதியும், 1 முதல் 5 வரையிலானவை 14ஆம் தேதியும் தொடங்கின. 2024இல் ஜூன் 6 என்றிருந்தது 10 ஆயிற்று. 2025இல் ஜூன் 2 அன்றே பள்ளிகள் திறந்துவிட்டன. ஆனாலும் அக்னி நட்சத்திரம் கழிந்தும் தணியாத வெப்பம் விடுமுறையின் நீளத்தில் தலையிடுவது இனி அபூர்வமாக இருக்காது.

கோடை மறதி என்ற கருத்தின் ஆதாரம் பொதுவாக நினைக்கும் அளவுக்கு உறுதியானதல்ல என்பது இக்கட்டுரையின் முதல் வாதம். கற்றல் குறையும் இடங்களில் அதை மீட்டுத் தருவது, குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து அது செய்வதையும் படிப்பதையும் இணைத்துக் காட்டும் ஒருவரின் நேரம் என்பது இரண்டாவது வாதம். அந்த நேரம் எல்லா வீடுகளிலும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. கோடையின் உண்மையான சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

2. அமெரிக்க ஆய்வுகள்: எழுந்ததும் ஆட்டம் கண்டதும்

கோடை இழப்பு என்ற கருத்து பெரும்பாலும் அமெரிக்க ஆய்வுகளிலிருந்து வந்தது. 1978இல் பார்பரா ஹெய்ன்ஸ் அட்லாண்டா நகரக் குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட நூல், ஏழை, வசதியுள்ள குழந்தைகளுக்கு இடையிலான இடைவெளி பள்ளி நாட்களைவிடக் கோடையில்தான் அதிகம் விரிகிறது என்றது. டோரிஸ் என்ட்விசில், கார்ல் அலெக்சாண்டர் ஆகியோர் பால்டிமோர் நகரில் 1982இல் முதல் வகுப்பில் சேர்ந்த ஏறத்தாழ 800 குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் காணப்பட்ட இடைவெளியில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு, தொடக்கப் பள்ளிக் கோடைகளில் உருவானது என்பது அவர்கள் முடிவு. 1996இல் ஹாரிஸ் கூப்பர் குழுவினர் 39 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, ஒரு கோடையில் சராசரியாக ஒரு மாதப் படிப்பு நழுவுகிறது என்று கணித்தார்கள். இழப்பு கணக்கில் கூடுதல். வாசிப்பில் அது குடும்ப வருமானத்தைப் பொறுத்து மாறியது.

என்ட்விசில் குழுவினர் இதைக் குழாய்க்கு ஒப்பிட்டார்கள். பள்ளி நடக்கும்வரை எல்லாக் குழந்தைகளுக்கும் தண்ணீர் வருகிறது. கோடையில் குழாய் அடைபட்டதும் சொந்த ஏற்பாடு உள்ளவர்களுக்கு மட்டுமே வரத்து. லாரித் தண்ணீருக்குக் காசு எண்ணிக் கொடுத்துப் பழகிய சென்னைப் புறநகர் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் 2019இல் பால் வான் ஹிப்பல் இந்த அடித்தளத்தையே கேள்விக்கு உட்படுத்தினார். பழைய ஆய்வுகளில், கோடைக்கு முன் ஒரு வகுப்பின் வினாத்தாளும் கோடைக்குப் பின் அடுத்த வகுப்பின் வினாத்தாளும் பயன்பட்டிருந்தன. மதிப்பெண்ணை அளவுகோலில் ஏற்றிய முறையிலும் கோளாறு இருந்தது. புதிய தேர்வுகளை வைத்துப் பார்த்தபோது, ஒன்றில் மாதக்கணக்கான இழப்பு தெரிந்தது. இன்னொன்றில் ஏறத்தாழ ஒன்றுமே தெரியவில்லை. பால்டிமோரில் கண்டதுபோல் இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு பன்மடங்காகும் காட்சியும் மீண்டும் கிடைக்கவில்லை. குழந்தைகளுக்கு இடையிலான இடைவெளியின் பெரும்பகுதி அவர்கள் பள்ளிக்குள் காலடி வைப்பதற்கு முன்பே உருவாகிவிடுகிறது என்பதையும் அவரும் சக ஆய்வாளர்களும் காட்டினார்கள்.

ஆகவே, இரண்டு மாத லீவில் ஒரு மாதப் படிப்பு போய்விடும் என்பதை நிரூபணமான உண்மையாக எடுத்துக்கொள்ள இடமில்லை. அமெரிக்கக் கோடையை அப்படியே ஏப்ரல், மே மாதத்துத் தாம்பரத்தில் நட்டுவைக்கவும் முடியாது. அங்கே கோடை வெளியே திரியும் பருவம். இங்கே நடுப்பகல் முழுதும் வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் பருவம்.

3. தமிழ்நாட்டின் நீண்ட விடுமுறை

நமக்கு நெருக்கமான சான்று வேறொன்று இருக்கிறது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஏறத்தாழ 19 மாதங்கள் நீண்ட அந்தக் கட்டாய விடுமுறையின் விளைவை அபிஜித் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளிடம் அளந்தார்கள். 2021 டிசம்பரில், அதே கிராமங்களில் 2019இல் அதே வயதில் இருந்த குழந்தைகளோடு ஒப்பிட்டால், கணக்கில் 0.73, தமிழில் 0.34 திட்ட விலக்க அளவுக்குச் சரிவு. கல்வி ஆய்வுகளில் இவை மிகப் பெரிய எண்கள்.

பள்ளி திறந்து ஆறே மாதத்தில் அந்தச் சரிவில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது என்பது இந்த ஆய்வின் எதிர்பாராத பகுதி. மீட்சியில் சுமார் 24 சதவீதத்தை ஆய்வாளர்கள் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தின் பங்காகக் கணக்கிட்டார்கள். 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்த திட்டம் அது. மாலை ஐந்திலிருந்து ஏழுக்குள் ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம். அதே ஊர்க்காரர், பெரும்பாலும் பெண், தன்னார்வலராக. ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாய். மாநிலம் முழுதும் ஏறத்தாழ 2 லட்சம் பேர். திண்ணையும் கோயில் மண்டபமும் சமுதாயக் கூடமும் வகுப்பாயின. பின்தங்கிய வீட்டுக் குழந்தைகளுக்கு இதனால் கூடுதல் பயன் கிடைத்தது.

இதிலிருந்து என்ன பெறலாம்? ஒன்று, 19 மாத இழப்பே பெருமளவு மீளக்கூடியதென்றால், இரண்டு மாத லீவை நினைத்து நடுங்க வேண்டியதில்லை. இரண்டு, மீட்சியின் பெரும்பகுதி பள்ளி திறந்ததால் வந்தது. எனவே பள்ளிக்கு மாற்று பள்ளியே. மூன்று, மிச்சத்தில் கணிசமான பங்கைப் பெரிய கட்டடமோ கருவியோ இல்லாமல், தெரிந்த முகமுள்ள ஒருவரின் ஒரு மணி நேரம் கொண்டுவந்திருக்கிறது.

ஒரு மறுப்பும் உண்டு. இது கிராமத்து ஆய்வு. வாசிப்புத் திறனுக்கு நாம் வழக்கமாக மேற்கோள் காட்டும் அசர் அறிக்கையும் கிராமப்புறத்தைத்தான் அளக்கிறது. கிராமத்தில் பக்கத்து வீட்டு அக்கா என்பது இயல்பான உறவு. வாடகைக்கு வீடு மாறிக்கொண்டே இருக்கும் புறநகரில் அந்த உறவை முயன்றுதான் உண்டாக்க வேண்டும்.

பீகாரில் 2008 கோடையில் நடந்த ஒரு சோதனையையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். பிரதம் என்னும் கல்வித் தொண்டு அமைப்பிடம் பயிற்சி பெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர்கள், பின்தங்கிய குழந்தைகளுக்கு ஒரு மாத முகாம் நடத்தினார்கள். வாசிப்பில் முன்னேற்றம் தெரிந்தது. பள்ளி ஆண்டுக்குள் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் பாடப்பொருளும் மட்டும் கொடுத்துப் பார்த்தபோது அத்தகைய பலன் வரவில்லை. பாடத்தை முடிக்கும் நெருக்கடி இல்லாததால் ஆசிரியரால் குழந்தை நிற்கும் இடத்திலிருந்தே தொடங்க முடிந்தது. ஆக, கோடை ஓர் ஆபத்துக்காலம் மட்டுமல்ல. பாடத்திட்டம் தர மறுக்கும் அவகாசத்தையும் அது தருகிறது.

4. புறநகரில் யாருடைய கோடை?

தாம்பரம் மாநகராட்சி 2021 நவம்பரில் உருவானது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, சிட்லபாக்கம், மாடம்பாக்கம், திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து 70 வார்டுகள் ஆயின. இந்த எல்லைக்குள் ஒரே கோடை இல்லை.

தென் மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களில் பலர் முழுப் பரீட்சை முடிந்த கையோடு பிள்ளைகளைத் தாம்பரத்தில் ரயிலேற்றியோ கிளாம்பாக்கத்தில் பஸ் ஏற்றியோ ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஆச்சி வீட்டில், தாத்தா வீட்டில் கழியும் அந்த வாரங்களை எந்தத் தேர்வும் அளப்பதில்லை. வீட்டில் ஆங்கில வழிப் பள்ளியின் அரைகுறை ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டும் பிள்ளைக்கு, முழு வாக்கியத் தமிழில் நாள்பூராவும் பேச்சுத்துணை கிடைப்பது அங்கேதான்.

ஊர் என்று ஒன்று இல்லாதவர்களும், போகச் செலவு கட்டுப்படியாகாதவர்களும் இங்கேயே இருக்கிறார்கள். 1984இல் தாம்பரம் சானட்டோரியம் அருகே அமைந்த மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் ஷிப்டுக்குப் போகும் தாய்க்கு மே மாதம் விடுமுறை மாதமல்ல. அவள் பிள்ளை பூட்டிய வீட்டுக்குள் டிவியோடும் போனோடும் இருக்கும், அல்லது பக்கத்து வீட்டாரின் பார்வையில் இருக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பில் சம்மர் கேம்புக்குப் பணம் கட்ட முடிகிற வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் தூரம் சில தெருக்கள்தான்.

கற்றலைப் பேசும்போது சோற்றை மறந்துவிடக் கூடாது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டமும், பல பத்தாண்டுகளாக நடந்துவரும் சத்துணவும் பள்ளி வேலைநாட்களோடு கட்டுண்டவை. லீவு விட்டால் இரண்டு வேளைப் பொறுப்பு மீண்டும் வீட்டின் தலையில் விழுகிறது. வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலிலேயே உத்தரவிட்டது. கோடையிலும் குழந்தைக்குப் பசிக்கும் என்று ஏற்றுக்கொண்ட அந்தத் தர்க்கத்தை நகர்ப்புற ஏழ்மைக்கு விரிக்கத் தடையேதும் இருப்பதாகத் தெரியவில்லை.

5. சந்தைக் கணக்கும் நோட்டுக் கணக்கும்

அன்றாட வீட்டு வாழ்க்கையே பள்ளி, கடைக்கு அனுப்பினால் கணக்கு தானாக வரும் என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. இது பாதி உண்மை.

2025இல் நேச்சர் இதழில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, எலிசபெத் ஸ்பெல்கே உள்ளிட்டோர் கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் சிறுவர்களைப் பற்றி எழுதினார்கள். பல பொருள்களின் விலையை மனத்திலேயே கூட்டி, மீதிச் சில்லறையைப் பிழையில்லாமல் எண்ணிக் கொடுத்த அந்தப் பிள்ளைகள், அதே கணக்கைத் தாளில் எழுதிக் கொடுத்தபோது தடுமாறினார்கள். சந்தையில் வேலை செய்யாத பள்ளிக் குழந்தைகள் தாளில் ஓரளவு தேறினார்கள். சந்தைக் கணக்கில் திணறினார்கள். ஒரு பக்கத்துத் திறன் மறுபக்கத்துக்குத் தானாகத் தாவவில்லை.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு நான்காம் வகுப்புப் பிள்ளையைக் கூட்டிப்போவதாக வைத்துக்கொள்வோம். கத்தரிக்காய் கிலோ 60 ரூபாய். முக்கால் கிலோ வேண்டும். கடைக்காரர் அரைக் கிலோவுக்கு 30, கால் கிலோவுக்கு 15, ஆக 45 என்று நொடியில் முடித்து, நூறு ரூபாய்த் தாளுக்கு 55 திருப்பித் தருகிறார். பிள்ளையின் நோட்டிலோ இதே கணக்கு 60ஐ மூன்றால் பெருக்கி நான்கால் வகுப்பதாக இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் ஒரு தாளில் இரண்டு வழியையும் பக்கம் பக்கமாகப் போட்டு, இரண்டும் 45இல் வந்து நிற்பதைப் பார்க்கச் செய்தால்தான் சந்தை, பாடமாகிறது. அந்த ஐந்து நிமிடம் இல்லாவிட்டால் சந்தைக்குப் போய்வந்தது சந்தைக்குப் போய்வந்ததாகவே நிற்கும்.

விளையாட்டிலும் இதையே காண்கிறோம். கடையில் விற்கும் நூறு கட்டப் பரமபத அட்டையில் பிள்ளையின் காய் 47இல் நிற்கிறது. தாயத்தில் 5 விழுகிறது. பெரும்பாலான பிள்ளைகள் “ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு” என்று நகர்த்துவார்கள். “நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது, ஐம்பது, ஐம்பத்தொன்று, ஐம்பத்திரண்டு” என்று கட்டத்தின் எண்ணைச் சொல்லி நகர்த்தவைத்தால் என்ன ஆகும்? எலிடா லாஸ்கி, ராபர்ட் சீக்லர் ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வில் நூறு வரையிலான எண் பலகையை வைத்து இதைத்தான் சோதித்தார்கள். கட்ட எண்ணைச் சொல்லி ஆடிய மழலை வகுப்புக் குழந்தைகளுக்கு எண்களின் அளவு பற்றிய புரிதல் கூடியது. ஒன்றிலிருந்து எண்ணி ஆடியவர்களுக்கு அந்தப் பயன் கிட்டவில்லை. பலகை ஒன்றே, நேரமும் ஒன்றே. எப்படி எண்ணுவது என்று பக்கத்திலிருந்தவர் சொன்னதுதான் வேறுபாடு.

வாசிப்பில் சான்று சற்றுச் சிக்கலானது. அமெரிக்காவில் ரிச்சர்ட் அலிங்டன் குழுவினர் ஏழைக் குழந்தைகளுக்கு அவர்களே தேர்ந்தெடுத்த 12 புத்தகங்களை மூன்று கோடைகள் தொடர்ந்து கொடுத்து வாசிப்பில் முன்னேற்றம் கண்டார்கள். ஜேம்ஸ் கிம்மின் சோதனையிலோ, புத்தகம் மட்டும் கொடுத்தபோது பலனில்லை. படித்ததைப் பெரியவரிடம் சொல்லவும் உரக்க வாசித்துக் காட்டவும் ஏற்பாடு செய்தபோதே பலன் வந்தது. இரண்டும் முரண்படுவதாகத் தோன்றினாலும் பொதுவான ஒன்று உண்டு: முதலாவதில் குழந்தையின் விருப்பத்துக்கும், இரண்டாவதில் கேட்கும் காதுக்கும் இடம் கொடுக்கப்பட்டது. புத்தகக் கட்டை வாங்கி அலமாரியில் அடுக்குவதில் இரண்டுமே இல்லை.

நம் அரசு முயற்சியையும் இந்த அளவுகோலால் பார்க்கலாம். 2022 ஜூன் 1 முதல் 12 வரை, லீவு முடியும் தறுவாயில், இல்லம் தேடிக் கல்வி மையங்களில் கூகுளின் ரீட் அலாங் செயலியைக் கொண்டு ஒரு வாசிப்பு மாரத்தான் நடந்தது. வாசிக்கப்பட்ட சொற்கள் கோடிக்கணக்கில் எண்ணி அறிவிக்கப்பட்டன, ஒன்றியங்கள் போட்டியிட்டன. குழந்தைகளை எழுத்தின் பக்கம் மீண்டும் இழுத்ததில் அதற்குப் பங்குண்டு. ஆனால் சொல் எண்ணிக்கை புரிதலைக் காட்டாது. அந்தப் பன்னிரண்டு நாளின் உண்மையான பலம், செயலியைவிட அதைக் கையில் பிடித்தபடி பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்த தன்னார்வலர்தான் என்று வாதிட இடமிருக்கிறது.

6. அருகில் இருக்கும் இடங்கள்

1863 மே 30 அன்று, கோடையின் உச்சத்தில், பல்லாவரத்தில் ஒரு சரளைக்கல் குழியிலிருந்து நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல் கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆய்வு தொடங்கியதே அந்தக் கல்லிலிருந்துதான். அவர் சேகரிப்பு எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பல்லாவரத்திலிருந்து மின்சார ரயிலில் நேராக எழும்பூருக்கே போய் இறங்கலாம். வண்டலூரில் 1985இல் திறந்த அண்ணா உயிரியல் பூங்கா 602 ஹெக்டேரில் விரிந்திருக்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. சிட்லபாக்கம், செம்பாக்கம் ஏரிகள் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. சம்மர் கேம்ப் தட்டிகளில் இவை எதுவும் இடம்பெறுவதில்லை.

இடம் இருப்பது மட்டும் போதாது என்பதையும் முந்தைய பகுதியின் தர்க்கமே சொல்லிவிடுகிறது. கோடரியைக் கண்ணாடிக்குள் பார்க்கும் பிள்ளையிடம், இது உன் தெருவுக்குப் பக்கத்தில் கிடைத்தது, எப்படிப் பிடித்து வெட்டியிருப்பார்கள் என்று கேட்க ஒருவர் வேண்டும். கேட்பவர் அறிஞராக இருக்க வேண்டியதில்லை.

இந்த ஏற்பாட்டுக்கு இயல்பான மையம் கிளை நூலகம். சென்னை மாகாணம் 1948இல் இயற்றிய பொது நூலகச் சட்டம் விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய முதல் சட்டம். சொத்து வரியோடு நூலக வரியையும் புறநகர்வாசி கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். கட்டிய வரிக்கு ஈடாக ஏப்ரல், மே மாதங்களில் குழந்தைகளுக்கென்று ஒரு மணி நேரத்தைக் கேட்பது சலுகை கேட்பதாகாது. புத்தகத்துக்கும் பஞ்சமில்லை. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் 1987 முதல் வருகிறது. பள்ளிக் கல்வித் துறையே ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்களை நடத்துகிறது.

7. முடிவுரை

கோடை முழுவதையும் பாடமாக்குவது இந்தச் சான்றுகளிலிருந்து பெறக்கூடிய முடிவல்ல. ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்று ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு சொல்கிறது. இந்தியா 1992இல் அதை ஏற்றது. லீவை லீவாக விடுவதில் குற்ற உணர்ச்சி தேவையில்லை. ஆண்டு முழுதும் ஓடித் தேய்ந்த பிள்ளையை மே மாதத்திலும் நான்கு வகுப்புகளுக்கு ஓட்டிச் செல்லும் பெற்றோருக்கு, அதனால் வரும் ஆதாயத்துக்கான சான்று மிகக் குறைவு என்பதை எடுத்துச் சொல்லலாம்.

சான்றுகள் சேர்ந்து நிற்கும் இடம் வேறு. முதலியார்குப்பத்தில் தொடங்கிய மாலை வகுப்பு, பீகார் முகாம், பரமபதம் போன்ற எண் பலகை, உரக்க வாசித்துக் காட்டும் ஏற்பாடு, எல்லாவற்றிலும் பயன் தந்தது குழந்தையின் செயலை அதன் படிப்போடு பொருத்திக்காட்டிய ஓர் ஆள். நேரமுள்ள வீட்டில் அந்த ஆள் அம்மாவாகவோ தாத்தாவாகவோ மூத்த அக்காவாகவோ இருந்துவிடுகிறார். செலவு ஒன்றும் இல்லை. நேரமில்லாத வீட்டுக்கு அவரை ஊர்தான் தர வேண்டும்.

அப்படித் தருவது மாநகராட்சியின் கைக்கு எட்டாத காரியமல்ல. வார்டுக்கு ஒன்றாக 70 இடங்கள்: நூலகமோ, சமுதாயக் கூடமோ, பள்ளி வராந்தாவோ. வெயில் தாழ்ந்தபின் ஒரு மணி நேரம். இல்லம் தேடிக் கல்வி முறையில் அதே தெருக்காரருக்கு ஊக்கத்தொகை. விருப்பமுள்ள கல்லூரி மாணவர்களுக்கு இடம். பசித்து வரும் பிள்ளைக்குச் சத்துணவுக் கூடத்தின் ஒரு வேளை உணவு. பாடநூல் வேண்டாம், கதைப் புத்தகம், பரமபத அட்டை, சந்தைக் கணக்கு எழுத ஒரு நோட்டு போதும்.

இது கோடையோடு முடிகிற விஷயமும் அல்ல. கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளுக்கு விதித்த குறைந்தபட்ச வேலைநாட்கள் 200. மிச்சமுள்ள ஏறத்தாழ 165 நாட்களும், எல்லா நாட்களின் மாலைகளும் வீட்டுக்கும் தெருவுக்கும் உரியவை. பள்ளியின் தரத்தை அளக்க நம்மிடம் தேர்வுகள் இருக்கின்றன. பள்ளிக்கு வெளியே ஒரு வார்டு தன் குழந்தைகளுக்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறது என்பதையும் மாநகராட்சி தன் கணக்கில் கொண்டுவர வேண்டும்.